ஆறு விலகிப்போன பாலம்

வடக்கு இங்கிலாந்தில் ரோமானியர் எழுப்பிய ஹாட்ரியன் மதிலைக் கண்டு வந்த நண்பர்கள் பலரும் குன்றின் முகட்டில் ஓடும் சுவரைப் பற்றியே பேசுகிறார்கள். என் மனத்தில் நிற்பதோ வடக்கு டைன் ஆற்றங்கரையில் உள்ள செஸ்டர்ஸ் கோட்டையும், அதன் எதிர்க்கரையில் எஞ்சியிருக்கும் ரோமானியப் பாலத்தின் அடிக்கட்டும்தான்.

பேரரசர் ஹாட்ரியன் கி.பி. 122இல் பிரிட்டனுக்கு வந்ததை ஒட்டி எழுந்த மதில், இந்த ஆற்றைப் பாலத்தின் வழியாகக் கடந்தது. அந்த இடத்தைக் காக்க ஏறத்தாழ 500 குதிரைவீரர்களுக்கென அமைந்த இக்கோட்டைக்குச் சிலூர்னம் என்பது அன்றைய பெயர். வடக்கு ஸ்பெயினின் அஸ்தூரியப் பகுதியில் முதலில் திரட்டப்பட்ட படைப்பிரிவு இங்கே நெடுங்காலம் தங்கியிருந்தது. பெரிய வாயில்களில் மூன்று மதிலுக்கு வடக்கே திறந்ததால், குதிரைகள் தடையின்றி வெளியே பாய முடிந்தது.

19ஆம் நூற்றாண்டில் இந்த நிலத்தை வைத்திருந்த ஜான் கிளேட்டனின் தந்தை, மாளிகையின் முன் புல்வெளி வேண்டுமென்று இடிபாடுகளை மண்மூடிச் சமப்படுத்தினார். மகனோ அதே நிலத்தை அகழ்ந்து கோட்டையை வெளிக்கொணர்ந்தார். அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்றே கருதுகிறேன்.

கோட்டைக்கு வெளியே, ஆற்றை நோக்கிச் சரியும் நிலத்தில் குளியல் கூடம் இருக்கிறது. அதன் முன்னறைச் சுவரில் வளைந்த தலையுடைய ஏழு மாடங்கள் இன்றும் சிதையாமல் நிற்கின்றன.

ரோமானியப் பாலத்தைக் காண, இன்றைய சோலர்ஃபோர்டு பாலத்தைக் கடந்து, பழைய ரயில் பாதையை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். ஆறு மேற்கே விலகிவிட்டதால், ஒருகாலத்தில் வெள்ளத்தைத் தாங்கிய கற்கட்டு இன்று புல்லுக்கு நடுவே உலர்ந்து கிடக்கிறது. குனிந்து பார்த்தால் கற்களின் மேல் நீண்ட பள்ளம் ஒன்று ஓடுவது தெரியும். கற்கள் நகராதிருக்க இரும்புப் பட்டைகளைக் கிடத்தி, ஈயத்தை உருக்கி ஊற்றிப் பதித்த தடம் அது. ஹாட்ரியன் காலத்துக் குறுகிய பாலத்தின் தூண் ஒன்று, பின்னர் கட்டப்பட்ட அகலமான பாலத்தின் அடிக்கட்டுக்குள்ளேயே புதைந்திருப்பதையும் காணலாம். ஒரு கல்லில், தீங்கு அண்டாதிருக்க ரோமர்கள் செதுக்கும் ஆண்குறிச் சின்னமும் உண்டு.

அந்தக் கல்லின் அருகே வெகுநேரம் நின்றேன். எதிரே, மரங்களுக்கு இடையில், குளியல் கூடத்தின் சுவர் தெரிந்தது; நடுவில் ஆறு சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது.