பள்ளி மைதானத்துக்குப் புல்வெட்டும் எஞ்சின் தயார்

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

ஊர்ப் பள்ளி மைதானத்துக்குப் புல்வெட்டும் மெஷின் வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டிருந்தார். புதிதாக வாங்க வேண்டாம். இங்கே பெங்களூர் கோரமங்கலாவில் இடிக்கப்போகும் ஒரு வீட்டில், பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க கம்பெனியின் எஞ்சின் வைத்த பழைய மெஷின் ஒன்று கிடந்தது. எடைக்குப் போட இருந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். எஞ்சின் மூடியில் அடித்திருக்கும் குறியீட்டு (code) எண்ணின் முதல் இரண்டு இலக்கம்தான் தயாரான வருடம். இதில் 79 என்று இருக்கிறது. நம்மில் பலர் பிறக்கும் முன்பே வந்த எஞ்சின், இப்போது இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது!

ஹெட்டைக் கழற்றினால் கரி அப்பியிருந்தது. சிலிண்டரில் கீறல் இல்லை. வால்வுகளை கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைத்தேன். ரிங், ஹெட் கேஸ்கட் இரண்டும் புதுசு. பிளைவீல் என்ற சுழல் சக்கரத்துக்கு அடியில், பிளக்கில் நெருப்புப்பொறி வரவைக்கும் சி.பி. பாயிண்ட் (கான்டாக்ட் பிரேக்கர்) இருக்கும், அது பச்சை பிடித்திருந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து 0.5 மி.மீ. இடைவெளி வைத்ததும் பிளக்கில் பளிச்சென்று பொறி வந்தது. 1982இல் இந்த கம்பெனி மேக்னட்ரான் என்ற பாயிண்ட் தேவைப்படாத எலக்ட்ரானிக் இக்னிஷனைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தையது என்பதால் இதில் பாயிண்ட்தான். இக்னிஷன் காயிலுக்கும் பிளைவீலுக்கும் நடுவே விசிட்டிங் கார்டு ஒன்றை வைத்து ஸ்குரூவை இறுக்கினால் அந்த இடைவெளியும் சரியாக அமையும்.

வேலை வாங்கியது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்ப்பரேட்டர். அது டேங்க் மேலேயே உட்கார்ந்திருக்கும். உள்ளே டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வுதான் பெட்ரோலை மேலே இழுக்கிறது. அது விறைத்துப்போய்விட்டது. இங்கே ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கவில்லை. நியூ ஜெர்சித் தம்பி விடுமுறைக்கு வரும்போது வாங்கி வந்தார், அவருக்கு என் மனமார்ந்த நன்றி.

இப்போது பள்ளியில் யார் ஓட்டினாலும் அவர்களிடம் சொல்ல வேண்டியது. நம் பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். அதனால் டேங்கில் பெட்ரோலைத் தங்கவிடவே கூடாது. புல் வெட்டி முடித்ததும் மிச்சத்தை கேனில் ஊற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். எஞ்சின் ஆயில் எஸ்.ஏ.இ. 30 ரகம், சுமார் 600 மி.லி. பிடிக்கும். ஃபில்டர் கிடையாது, ஆகவே 25 மணி நேரம் ஓடியதும் மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்று, நம் மைதானத்துக் கல். பிளேடு கல்லில் மோதினால் பிளைவீலுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே இருக்கும் அலுமினியச் சாவி (இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் சிறு துண்டு) நசுங்கும். கிராங்க் ஷாஃப்டைக் காப்பாற்றத்தான் அதை மென்மையான உலோகத்தில் வைத்திருக்கிறார்கள். நசுங்கிவிட்டால் பொறி விழும் நேரம் (டைமிங்) விலகிவிடும். பொறி வரும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, கயிறு கையை வெடுக்கென்று இழுக்கும். பட்டறைக்காரர் இரும்புச் சாவி அடித்துத் தருகிறேன் என்பார். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த கல்லில் ஷாஃப்டே வளைந்துவிடும். அலுமினியச் சாவி கூடுதலாக மூன்று போட்டு அனுப்புகிறேன்.

இடுப்பளவு நிற்கும் பார்த்தீனியத்தை இதனால் வெட்ட முடியாது. முதலில் ஆள் வைத்துப் பிடுங்கி, கல் பொறுக்கிவிட வேண்டும். அந்தக் கூலியைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாம் என்பது என் கருத்து. பொருளாளர் சித்தப்பா சம்மதம் சொல்லவும்.

பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து தென்காசிப் பக்கம் காரில் போகிறவர்கள் யார்? கைப்பிடியை மடக்கினால் டிக்கியில் அடங்கும். பெட்ரோல், ஆயில் இரண்டையும் வடித்துவிட்டுத் தருகிறேன். இடம் இருப்பவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள்.