ஃபிஷ் குழு எப்படி வளர்ந்தது?

கேள்வி:
ஃபிஷ் (Phish) என்ற அமெரிக்க ராக் குழுவின் நேரடிப் பதிவுகளை இப்போதுதான் கேட்கிறேன். வானொலியில் பெரிய ஹிட் இல்லாமலே ஒரு கல்லூரி ஜாம் பேண்ட் (மேடையிலேயே பாட்டை இஷ்டப்படி நீட்டி வாசிக்கும் குழு) எப்படி இவ்வளவு பெரிதானது?

பதில் 1:
1983-இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தார்கள். ட்ரே அனஸ்டாசியோ, ஜெஃப் ஹோல்ட்ஸ்வொர்த் கிட்டார். மைக் கார்டன் பேஸ். ஜான் ஃபிஷ்மன் டிரம்ஸ். 1985-இல் கீபோர்டுக்கு பேஜ் மெக்கானல் வந்தார். அடுத்த வருடம் ஹோல்ட்ஸ்வொர்த் விலகினார்.

பதில் 2:
என்னைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் வேர் வெர்மான்டின் பர்லிங்டன் நகரில் இருந்த நெக்டார்ஸ் பார்தான். அங்கே அடுத்தடுத்த இரவுகளில் வாசிக்க விட்டார்கள். ஒரு பாட்டை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீட்டலாம், சொதப்பினாலும் மறுநாள் மேடை இருக்கும். இளம் குழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்! அந்த பார் உரிமையாளரின் பெயர் 1992-இல் வந்த ஆல்பத்தின் தலைப்பிலேயே இருக்கிறது.

அப்புறம் கேசட். ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்துகொள்ள அனுமதித்தார்கள். பதிவுகள் கைமாறி ஊர் ஊராகப் போயின. இரவுக்கு இரவு பாட்டு வரிசை மாறும், அதனால் வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். 1996-இல் நியூயார்க் மாநிலத்தின் பிளாட்ஸ்பர்க்கில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் அவர்களே நடத்திய விழாவுக்குச் சுமார் 70,000 பேர் திரண்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி! எந்தப் பதிவில் தொடங்கலாம்?

பதில் 2:
1995 டிசம்பர் 31, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கக் கச்சேரி. முழுதாகக் கேளுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள்.