தரையில் கியர் இருந்தால் காருக்கு உயிர் இல்லையா?

தஞ்சைத் தம்பி: "ஸ்டியரிங் கியர் இல்லாத காருக்கு உயிரே கிடையாது" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். கியர் தண்டு தரையில் இல்லாமல் ஸ்டியரிங்கின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டுமாம். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் எங்களைப் போன்ற எத்தனையோ குடும்பங்கள் கார் சாவியைக் கையில் பிடித்தன. தரையில்தான் கியர். 796 சிசிதான். மூன்றே சிலிண்டர்தான். அப்பா அதைத் துடைக்கும்போது பார்த்திருந்தால் இப்படிப் பேச வாய் வராது.

அம்பாசிடர் மாமா: எழுதியது நான்தான், மறுபடியும் எழுதுகிறேன். ஸ்டியரிங் கியர் இல்லை என்றால் உயிர் இல்லை. அம்பாசிடரில் இடது கையால் தண்டை இழுத்து, மேலே தூக்கி, அது போய் விழும் இடத்தை விரலில் உணர வேண்டும். முன்சீட்டு ஒரே பெஞ்சு, மூன்று பேர் உட்காரலாம். நடுவில் கியர் முளைத்தால் அது நடக்குமா?

பத்மினி பிரியன்: பத்மினிக்கும் ஸ்டியரிங் கியர்தான் ஐயா. பம்பாய் குர்லாவில் செய்த வண்டி, அம்பாசிடரைவிட ஸ்டியரிங் லேசு. அதைச் சொல்ல உங்களுக்கு மனம் வராது.

அம்பாசிடர் மாமா: பத்மினி பிரியனுக்குப் பழைய கோபம். டீசல் விவாதத்தில் நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மெக்கானிக் மகன்: அந்தத் தண்டு நடுரோட்டில் மாட்டிக்கொண்டால் பானட்டைத் திறந்து லிங்கேஜை, அதாவது தண்டையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கம்பிகளை, கையால் விடுவிக்க வேண்டும். வெயிலில் அப்பாவின் விரல்கள் கன்றிப்போனதைப் பார்த்தவன் நான். இதுவா உயிர்?

அம்பாசிடர் மாமா: அதுவும்தான். கை வைத்தால் சரியாகும் வண்டி அது. ஸ்டியரிங் கியர் தெரிந்தவனுக்குத்தான் இது புரியும்.

தஞ்சைத் தம்பி: சரி, 1990களில் ஜப்பானின் இசுசு நிறுவன இன்ஜினோடு வந்த அம்பாசிடருக்கு ஐந்து கியர், அதுவும் தரையில். அதற்கு உயிர் உண்டா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

அம்பாசிடர் மாமா: நான் பேசுவது பழைய வண்டியைப் பற்றி.

தஞ்சைத் தம்பி: கேட்டது அது இல்லை.

ஹெரால்டு ரசிகை: 1961 முதல் மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் தரை கியர்தான். நம் ஊர் வண்டியை ஒருவரும் நினைக்கவில்லை. முன்பக்கத்தை அப்படியே தூக்கிச் சாய்த்தால் இன்ஜின் முழுதும் கண்முன்னே நிற்கும். அந்த அழகு எதில் உண்டு?

பத்மினி பிரியன்: ஹெரால்டைப் பற்றித் தனி விவாதம் தொடங்குங்கள் அம்மா.

ஹெரால்டு ரசிகை: பத்மினி மட்டும் இங்கே வரலாமோ?

அம்பாசிடர் மாமா: யார் எதைக் கொண்டுவந்தாலும் சரி. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014இல் அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்திய பிறகும் என் பேச்சு மாறவில்லை. ஸ்டியரிங் கியர்!

தஞ்சைத் தம்பி: இசுசு வண்டிக்குப் பதில் எங்கே?