ஜெர்மன் பி.ஏ. படிக்கலாமா, ஊட்டியிலேயே ஆங்கில இலக்கியம் போதுமா?

கோத்தகிரிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ படிக்கிறேன், அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். வீட்டில் பேசுவது படுகு, நீலகிரிப் படுகர்களின் மொழி. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, பச்சைத் தேயிலை விலை எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், அதனால் அதிகம் செலவு செய்ய முடியாது. எனக்கு மொழிப் படிப்பில்தான் ஆசை. யூடியூப் பார்த்து ஜெர்மன் கொஞ்சம் கற்றுக்கொண்டேன், நூறு வரை எண்ணுவேன், என்னை அறிமுகப்படுத்திக்கொள்வேன், அவ்வளவுதான். பி.ஏ. ஜெர்மன் என்றால் மூன்று வருடமும் பேசத்தான் சொல்லித்தருவார்களா? அப்பா பி.காம். என்கிறார், மாமா பி.ஏ. ஆங்கிலம் படித்தால் டீச்சர் ஆகலாம் என்கிறார். படித்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

குன்னூர் அக்கா

தங்கச்சி, நான் குன்னூர். ஹைதராபாத்தில் ஜெர்மன் பி.ஏ. முடித்தவள். சேரும்போது எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

முதல் வருடம் முழுக்க மொழிதான். தினமும் பல மணி நேரம், இலக்கணம், கேட்டு எழுதுவது, பேச்சு. பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் "என் பெயர் இது, எனக்குத் தேநீர் பிடிக்கும்" என்று மறுபடியும் எல்.கே.ஜி. அந்தக் கூச்சத்தில் சிலர் பாதியிலேயே போய்விட்டார்கள். ஐரோப்பாவில் மொழித் திறனை ஏ1 தொடங்கி சி2 வரை 6 படியாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் படியான பி1 பக்கம் வந்த பிறகுதான் கதை, கவிதை, வரலாறு, மொழிபெயர்ப்பு எல்லாம் உள்ளே வரும். பேச்சு மட்டும்தான் வேண்டும் என்றால் கோவையில் கோயத்தே சென்ட்ரம் என்று ஜெர்மன் சொல்லித்தரும் மையம் இருக்கிறது, அங்கே ஒரு கோர்ஸ் சேர்ந்தால் போதும், மூன்று வருடம் தேவையில்லை.

டிகிரி வேறு மாதிரி. காஃப்கா என்ற ஜெர்மன் மொழி எழுத்தாளர் 1915-இல் வெளியிட்ட ஒரு கதை, ஒருவன் காலையில் எழுந்திருக்கும்போது வேறு ஏதோ ஆகிக் கிடக்கிறான். அந்த "ஏதோ"வுக்கு அவர் போட்ட சொல் "உன்கெத்ஸீஃபர்". பூச்சியா, கரப்பானா, வண்டா? மூன்றும் சரியாக வராது, வீட்டில் இருக்கவே கூடாத அருவருப்பான ஜந்து என்ற மாதிரி ஒரு பொருள். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு வகுப்பு முழுவதும் சண்டை போட்டோம். இப்படிச் சண்டை போடுவது உனக்குப் பிடிக்குமா என்று மட்டும் யோசி.

பயப்படாதே, தமிழ்க்காரர்களுக்குச் சில இடங்கள் சுலபம்தான். "ஏனென்றால்" என்று தொடங்கும் வாக்கியத்தில் ஜெர்மனிலும் வினை கடைசிக்குப் போய்விடும். "சிறுமி" என்ற சொல் அங்கே அஃறிணை மாதிரி ஒரு பால், "டாஸ் மேட்சென்", கடைசியில் அந்தச் "சென்" விகுதி வந்தாலே அப்படித்தான். வட இந்தியப் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். நாம்தான் "குழந்தை அழுகிறது" என்று தினமும் சொல்கிறோமே, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மேட்டுக்கல்லூரி வாத்தியார்

ஊட்டிப் பக்கம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பணம்தான் பிரச்சனை என்றால் மத்தியப் பல்கலைக்கழகங்களைப் பாரும்மா. டெல்லியில் ஜே.என்.யூ.வில் ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ரஷ்யன், ஜப்பானியம், கொரியன் என்று பி.ஏ. இருக்கிறது, முன்னால் அந்த மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. கட்டணம் மிகக் குறைவு, பயணமும் சாப்பாடும்தான் செலவு. அதற்கு க்யூட் (CUET) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், 2022-இல் வந்தது, தமிழிலும் எழுதலாம். எந்தத் தாள் தேவை என்று பல்கலைக்கழக அறிவிப்பிலேயே பார். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு விசாரித்தால் காலம் கடந்துவிடும், நம் பிள்ளைகள் வருடா வருடம் கோட்டை விடுவது இங்கேதான்.

டெல்லி வேண்டாம் என்றால் ஊட்டி அரசுக் கலைக்கல்லூரி (1955-இலிருந்து நடக்கிறது) மட்டமில்லை. ஆனால் மாமா சொல்வது பாதிதான் சரி. பி.ஏ. மட்டும் வைத்துக்கொண்டு டீச்சர் ஆக முடியாது, பி.எட். வேண்டும். இன்னொன்று, கல்லூரியில் பகுதி 1 மொழித் தாளில் தமிழுக்குப் பதிலாக மார்க்குக்காக பிரெஞ்சு எடுக்கிறவர்களைப் பார்த்து ஏமாறாதே, நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிட்டு ஒரு காபி கேட்கத் தெரியாது.

கடைசியாக ஒன்று. முர்ரே எமனோ என்று ஒரு மொழியியலாளர், கனடாவில் பிறந்தவர், 1930-களில் இந்த மலையில் தங்கித் தோடா, கோத்தர் மொழிகளை எழுதிப் பதிந்தார். படுகின் உயிரெழுத்துகளைப் பற்றி 1939-இல் ஒரு தனிக் கட்டுரையே எழுதினார், நாக்கை மடக்கிச் சொல்லும் உயிரொலிகள் அதில் இருக்கின்றன என்று. உங்கள் பாட்டி சாதாரணமாகப் பேசும் மொழியையும் அவ்வளவு தூரத்திலிருந்து வந்த அவர் கேட்டு எழுதினார். மொழிப் படிப்புக்குப் போனால் மொழியியல் தாளை விடாதே, அதில் உனக்குக் கையில் சரக்கு இருக்கிறது.

பெங்களூர்_பஸ்

எல்லோரும் ஆசை காட்டுகிறீர்கள், வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் கூடலூர், ஜப்பானியம் படித்துவிட்டு பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். கடிதத்தை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுக்கும் வேலையை இப்போது மெஷின் செய்கிறது. என் நாள் போவது போனில், ஒசாகாவில் இருக்கும் கஸ்டமர் "யோசிக்கிறோம்" என்று சொன்னால் அதற்கு "வேண்டாம்" என்று அர்த்தம் என்பதை நம் மேனேஜருக்குப் புரியவைப்பதில். அதற்கு பி.ஏ. மட்டும் பத்தாது, கணக்கோ கம்ப்யூட்டரோ கூட இருக்க வேண்டும். ஜப்பானிய வாக்கிய அமைப்பு தமிழ் மாதிரியேதான், வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். ஆனால் சீனாவிலிருந்து வந்த கான்ஜி எழுத்து இரண்டாயிரத்துக்கு மேல் மனப்பாடம் செய்ய வேண்டும், அதற்குத் தமிழ் ஒரு உதவியும் செய்யாது!

கோத்தகிரிக்காரி

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன், "எங்களைக் கேட்க வெள்ளைக்காரன் வந்தானா" என்று ஒரே சிரிப்பு. அப்பாவிடம் அந்தக் குழந்தை அழுகிறது விஷயத்தைச் சொன்னேன். இதைப் படிக்க டெல்லி வரைக்கும் போகணுமா என்று கேட்டார். அப்புறம் இரவு சாப்பிடும்போது, க்யூட் பாரம் எப்போது வரும் என்று அவராகவே கேட்டார். அக்கா, ஹைதராபாத்தில் ஹாஸ்டல் சாப்பாடு எப்படி?