நிலாவின் கல்வட்டப் படங்கள்: "சென்னிமலை வீடு" வாட்ஸ்அப் குழுவில் ஓர் இரவு

வெள்ளி, மாலை 7:34

நிலா: [படம்] [படம்]
வந்து சேர்ந்துவிட்டேன். இதுதான் கல்லானிஷ் கல்வட்டம். ஸ்காட்லாந்துக்கு மேற்கே லூயிஸ் தீவு. உல்லாபூலில் கப்பல் ஏறி இரண்டே முக்கால் மணி நேரம் ஆட்டம், அப்புறம் ஸ்டோர்னோவேயிலிருந்து பஸ். இங்கே மதியம் மூன்று மணி. மழை சாய்வாக அடிக்கிறது.

அம்மா: குடை எடுத்துப் போனாயா?

நிலா: இந்தக் காற்றில் குடை நிற்காது அம்மா. ரெயின்கோட் போட்டிருக்கிறேன்.

சாந்தி அத்தை: என்ன கண்ணு, லீவு போட்டு, கப்பல் ஏறி, நட்டு வைத்த கல்லைப் பார்க்கவா போனாய்? நம் கொடுமணலில் நொய்யல் கரையில் இருக்கிறதே கல்வட்டம். டவுன் பஸ்ஸில் போகலாம்.

நிலா: அது ஈமக்காடு அத்தை. வட்டமாகக் கல்லை அடுக்கி, நடுவில் பூமிக்குள் பலகைக்கல்லால் அறை கட்டியிருப்பார்கள். இங்கே எல்லாம் ஆளை விட உயரமான பலகைக்கற்கள், நெட்டுக்குத்தாக நிற்கின்றன. வட்டத்தில் 13, நடுவில் ஒன்று 4.8 மீட்டர். வட்டத்திலிருந்து வடக்கே இரட்டை வரிசை 80 மீட்டருக்கு மேல் போகிறது, மற்ற மூன்று திசையிலும் சின்னச் சின்ன வரிசை. நட்டது கி.மு. 2900க்கும் 2600க்கும் நடுவில். உள்ளே ஒரு சின்னக் கல்லறையும் இருக்கிறது, ஆனால் அது பிற்பாடு சேர்த்தது.

கவின்: அக்கா, படத்தில் வானம் ரொம்ப டல். ஏஐயில் வானத்தை மாற்றிவிடலாம், ஒரு தட்டு தட்டினால் போதும், ஆரஞ்சு சன்செட் வந்துவிடும்.

பெரியப்பா: கவின், கையை வைத்துக்கொண்டு சும்மா இரு.

பெரியப்பா: நிலா, படம் பார்த்தேன். முதல் படத்தில் கல்லெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு ஒரே பாறை மாதிரி இருக்கிறது. நாற்பது வருடம் ஈரோட்டில் கல்யாண குரூப் போட்டோ எடுத்தவன் சொல்கிறேன், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் மறைத்தால் வீட்டில் சண்டை வரும். இடது பக்கம் இரண்டடி தள்ளி நின்று பார், ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில் கொஞ்சம் வானம் தெரிய வேண்டும். கல்லை நகர்த்த முடியாது, நீதான் நகர வேண்டும்.

நிலா: சரிங்க பெரியப்பா. ஆனால் இன்னொரு தொந்தரவு, ஒரு டூர் பஸ் ஆட்கள் முழுக்க வட்டத்துக்குள் நிற்கிறார்கள்.

பெரியப்பா: நிற்கட்டும். மழை அவர்களை அனுப்பிவிடும். நீ மட்டும் போகாதே.

பெரியப்பா: இரண்டாவது படம் போனில் எடுத்ததா?

நிலா: ஆமாம். எப்படித் தெரிந்தது?

பெரியப்பா: நிழலே இல்லை. போன் தானாக இருட்டை எல்லாம் தூக்கிவிடுகிறது. கல் அட்டையில் வெட்டி ஒட்டினது போல இருக்கிறது. போனில் எடுப்பதானால் வெளிச்சமான மேகத்தின் மேல் விரலை வைத்து, வருகிற சூரியக் குறியைக் கீழே இழு. கல் கறுக்கட்டும், பயப்படாதே.

பிரபு மாமா: 🙏 [முன்னனுப்பிய படம்: இனிய இரவு வணக்கம், தாமரை]

மாலை 8:20

நிலா: [படம்] பெரியப்பா, இது மழையிலேயே எடுத்தது, ஒரு கல்லுக்குப் பக்கத்தில் போய். கேமரா.

பெரியப்பா: அடடா.

பெரியப்பா: இதுதான் படம். கல்லில் வரி வரியாக வெள்ளையும் கறுப்பும் ஓடுகிறதே, அது என்ன கல்?

நிலா: நைஸ் என்று சொல்லும் பாறை. லூயிஸ் நைஸ் என்றே பெயர், சுமார் 300 கோடி வருடப் பழசு. வெள்ளையாகத் தெரிவது குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும், கறுப்புக் கட்டிகள் ஹார்ன்பிளெண்ட். காய்ந்திருந்தால் எல்லாம் ஒரே சாம்பலாகத்தான் தெரியும், நனைந்ததால்தான் வரி இவ்வளவு தெளிவாக வந்தது. வெயில் இல்லாதது நல்லதாகப் போயிற்று, இருந்திருந்தால் ஈரம் பளபளவென்று கண்ணாடி போல அடித்திருக்கும்.

பெரியப்பா: போலரைசர், அதுதான் லென்ஸ் முன்னால் மாட்டிப் பளபளப்பை அடக்குகிற கண்ணாடி, வைத்திருக்கிறாயா? மேகமாக இருந்தாலும் ஈரக்கல்லில் கொஞ்சம் பளபளப்பு இருக்கும், திருகிப் பார், அது அடங்கி வரி இன்னும் எழும்பும்.

சாந்தி அத்தை: அந்தக் கல்லின் மேல் தாடி மாதிரி தொங்குகிறதே, அது கல்பாசிதானே? பிரியாணிக்குப் போடுவோமே, அதே ஜாதி மாதிரி தெரிகிறது.

நிலா: அதுவும் கல்பாசி போல ஒரு லைக்கன்தான் அத்தை 😄 காற்று சுத்தமாக இருக்கிற இடத்தில்தான் இப்படிக் கொத்துக் கொத்தாக வளருமாம். வளர ரொம்பக் காலம் ஆகும், அதனால் கல்லில் சாயவோ ஏறவோ கூடாது.

அம்மா: பறித்துக்கொண்டு வந்துவிடாதே.

கவின்: அம்மா, அத்தையிடம் சொல்லுங்கள் அதை.

பெரியப்பா: கல்பாசி இருக்கிற பக்கமும் இல்லாத பக்கமும் இரண்டையும் எடு. தூரத்திலிருந்து வட்டம் முழுக்க எடுப்பதைத்தான் எல்லாரும் செய்வார்கள், தபால் அட்டையில் அது இருக்கும். என்னைக் கேட்டால் இன்றைக்கு நீ கிட்டே போய் எடுத்ததுதான் நிற்கும். மழை நாளில் வானத்தை விட்டுவிட்டுக் கல்லைப் பார்.

கவின்: பெரியப்பா, வானத்தை மாற்றக் கூடாது என்கிறீர்களே, நீங்கள் நெகடிவில் பென்சில் வைத்து ரீடச் செய்தீர்கள்தானே? 1850களிலேயே பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்று ஒருவர் கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு வேறு நெகடிவ் வைத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறார். இப்போதுதான் தேடிப் பார்த்தேன்.

பெரியப்பா: போட்டார். அன்றைக்கு நெகடிவ் எடுத்த கண்ணாடித் தட்டுக்கு நீல நிறம் ரொம்பச் சீக்கிரம் பிடித்துவிடும், கடலுக்குச் சரியாக எக்ஸ்போஸ் செய்தால் வானம் வெள்ளைக் காகிதமாகப் போய்விடும், வேறு வழியில்லை. உன் அக்காவின் கேமராவுக்கு அந்தக் குறை கிடையாது. நான் பென்சிலில் முகப்பருவைத்தான் எடுத்தேன். வேறொருத்தர் தலையை வைக்கவில்லை.

கவின்: ஒருமுறை வைத்தீர்கள், சித்தப்பா சொன்னார்.

பெரியப்பா: அது பாஸ்போர்ட் போட்டோ இல்லை, இறந்துபோனவர் படம், குடும்பமே கெஞ்சியது. பேச்சை மாற்றாதே.

அம்மா: நிலா, சாப்பிட்டாயா?

இரவு 12:41

நிலா: யாராவது விழித்திருக்கிறீர்களா? மழை விட்டுவிட்டது. மேற்கே மேகத்தில் ஒரு கிழிசல்.

பெரியப்பா: இருக்கிறேன். எனக்குத்தான் தூக்கம் வருவதில்லையே. அங்கே மணி என்ன?

நிலா: இரவு எட்டே கால். சூரியன் இன்னும் நன்றாக மேலே இருக்கிறது. ஜூன் மாதம் பாருங்கள், பத்தரை தாண்டித்தான் மறையும்.

பெரியப்பா: அப்படியானால் உனக்கு யோகம். நம் ஊரில் சூரியன் நேராகக் கீழே இறங்கிவிடும், அந்த மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு ஜோடியை நிறுத்தி, மாப்பிள்ளை சட்டைக் காலரைச் சரிசெய்வதற்குள் இருட்டிவிடும். அங்கே சாய்ந்து சாய்ந்து போகிறது. ஒரு மணி நேரத்தில் நாம் தொலைக்கிற வெளிச்சத்தை இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். பதறாதே.

நிலா: ஆனால் மேகம் பதற வைக்கிறதே. கல்லின் மேல் வெயில் விழுந்தது, நான் அபர்ச்சரை, லென்ஸ் துவார அளவை, மாற்றுவதற்குள் போய்விட்டது, அடுத்தது எப்போது என்று தெரியாது.

பெரியப்பா: செட்டிங்கை இப்போதே வைத்துவிடு. வெயில் விழுகிற கல்லுக்குத்தான் எக்ஸ்போஷர், நிழலுக்கு அல்ல. வெள்ளை வெடிக்கக் கூடாது, அளவு மீறி வெளுத்துப் போனால் விவரம் திரும்பி வராது. கேமரா பதிந்ததை நசுக்காமல் அப்படியே வைக்கிற ரா பைலில் எடு. டிரைபாட் காலை ரொம்ப நீட்டாதே, நடுக்கம்பியை ஏற்றவே ஏற்றாதே, பையை அதில் தொங்கவிடு. காற்று விட்டுவிட்டுத்தான் அடிக்கும், அந்த இடைவெளியில் அமுக்கு. லென்ஸில் துளி இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார், முந்தானை இருந்தால் முந்தானையால் துடை.

நிலா: ஜீன்ஸ் போட்டிருக்கிறேன் பெரியப்பா, துணி தனியாக வைத்திருக்கிறேன்.

நிலா: [படம்]

பெரியப்பா: வெயில் பக்கவாட்டில் விழுந்ததும் அந்தக் கல்லின் சொரசொரப்பைப் பார்த்தாயா. மதியம் பார்த்த அதே கல்லா இது?

நிலா: அதேதான். மதியம் வரி தெரிந்தது, சொரசொரப்பு தெரியவில்லை. இப்போது சொரசொரப்பு தெரிகிறது, வரி பாதி மறைந்துவிட்டது.

பெரியப்பா: பின்னால் வானம் இன்னும் கறுப்பாக இருக்கிறதே, அது எந்தப் பக்கம்?

நிலா: கிழக்கு. அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருக்கிறது.

பெரியப்பா: மேற்கில் வெயில், கிழக்கில் மழை. ஓடு. வட்டத்துக்கு மேற்குப் பக்கம் போய், சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு கிழக்கே பார். வானவில் வரப் போகிறது.

நிலா: அகலமான லென்ஸ் மாட்டவா?

பெரியப்பா: முழு வில்லும் வேண்டுமென்றால் மாட்டு. சூரியன் தாழ இருக்கும்போது வில் உயரமாக வரும். சூரியன் 42 டிகிரிக்கு மேல் இருந்தால் தரையில் நிற்பவனுக்கு வில்லே தெரியாது, அதனால்தான் நடுமத்தியானத்தில் நாம் பார்ப்பதில்லை. அந்தப் போலரைசரைக் கழற்று, இல்லையென்றால் பார்த்துத் திருகு, ஒரு பக்கம் திருகினால் வானவில்லே காணாமல் போகும்.

இரவு 12:58

நிலா: [படம்]

நிலா: [படம்]

நிலா: வந்தது பெரியப்பா!! நடுக்கல்லுக்கு நேர் மேலே!!

பெரியப்பா: பார்த்தேன்.

பெரியப்பா: அழகுதான். ஆனால் இதைப் பார்ப்பவன் வானவில்லைத்தான் பார்ப்பான். கல் ஓரமாகப் போய்விட்டது. வானவில் போன பிறகும் அங்கேயே நில், மேகம் கறுப்பாக இருக்கும், கல்லில் மட்டும் வெயில் இருக்கும், அது இன்னும் நல்ல படம்.

நிலா: இப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

அதிகாலை 2:50

நிலா: காற்று நின்றுவிட்டது. மிட்ஜ் என்று ஒரு பொடிக் கொசு, கூட்டமாக வந்து காதுக்குள் நுழைகிறது. சூரியன் வடமேற்கில் போய்க்கொண்டிருக்கிறது, மேற்கில்கூட இல்லை, வடமேற்கில். நான் நினைத்து வைத்திருந்த இடத்திலிருந்து எடுக்க முடியாது, சுற்றி வந்து கிழக்கு வரிசைப் பக்கம் நிற்கிறேன். கல்லெல்லாம் கறுப்பு உருவமாக, ஆள் நிற்பது போல இருக்கின்றன. இந்த ஊர்க் கதையில் இவர்கள் ராட்சதர்களாம், கிறிஸ்தவ மதத்துக்கு மாற மாட்டோம் என்று சொன்னதால் ஒரு புனிதர் கல்லாக்கிவிட்டாராம்.

நிலா: தெற்கே ஒரு மலை வரிசை இருக்கிறது, படுத்திருக்கிற பெண் போல. 18.6 வருடத்துக்கு ஒரு தடவை சந்திரன் அந்த மலையை உரசிக்கொண்டு தாழப் போகும். 2006இல் அப்படி, அப்புறம் 2024, 2025இல். அதற்குத்தான் இந்தக் கற்களை நட்டார்கள் என்று ஒரு கட்சி, தற்செயல் என்று ஒரு கட்சி.

நிலா: பெரியப்பா?

நிலா: தூங்கிவிட்டீர்கள் போல. 1857 வரை இந்தக் கற்களின் அடிப்பகுதி செடி மக்கிச் சேர்ந்த ஒன்றரை மீட்டர் கரிமண்ணுக்குள் புதைந்து கிடந்ததாம், தீவின் சொந்தக்காரர் ஜேம்ஸ் மதிசன் ஆள் வைத்து வெட்டி எடுத்தார். அதற்கு முந்தின தலைமுறைகள் பார்த்தது பாதிக் கல்லைத்தான்.

நிலா: [படம்] [படம்] [படம்]

சனி, காலை 6:25

பிரபு மாமா: 🙏 [முன்னனுப்பிய படம்: சனிக்கிழமை காலை வணக்கம்]

சாந்தி அத்தை: ஐயோ கண்ணு, அந்த வானவில் படம்! அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டலாம்.

அம்மா: எனக்கு அந்தக் கறுப்பு உருவம் பின்னால் ஆரஞ்சு வானம், அதுதான் பிடித்திருக்கிறது. கவின் ஏஐயில் போடுகிறேன் என்றானே, அதைவிட நன்றாக வந்திருக்கிறது.

கவின்: ஒத்துக்கொள்கிறேன்.

பெரியப்பா: நேற்று மூன்று மணிக்குக் கண் அசந்துவிட்டது. இப்போதுதான் எல்லாவற்றையும் பார்த்தேன். அந்தக் கறுப்பு உருவம் படத்தில் கல் எங்கே? வெட்டின அட்டை நின்றாலும் அப்படித்தான் இருக்கும். என் ஓட்டு மழையில் எடுத்த வரிக்கல்லுக்கு.

சாந்தி அத்தை: அண்ணா, ஹாலில் யாராவது சாம்பல் கல்லை மாட்டுவார்களா? வருகிறவர்கள் என்ன படம் என்று கேட்டால் என்ன சொல்வது?

பெரியப்பா: கேட்கிறார்கள் இல்லையா, அதுதான் வேண்டும். வானவில்லைப் பார்த்து யார் கேட்பார்கள்?

காலை 11:10

நிலா: இப்போதுதான் எழுந்தேன். உங்கள் சண்டையைப் படித்துச் சிரித்தேன். எனக்குப் பிடித்தது நீங்கள் யாரும் சொல்லாதது, வானவில் போன பிறகு எடுத்த ஒன்று, பெரியப்பா சொன்ன அந்தக் கறுப்பு மேகம், ஐந்து கல்லில் மட்டும் வெயில். இன்னும் அனுப்பவில்லை.

பெரியப்பா: அனுப்பு. அப்படியே அனுப்பாதே, வாட்ஸ்அப் படத்தை நசுக்கிவிடும். டாகுமெண்ட் என்று போட்டு அனுப்பு, ரா பைலாக இருந்தால் இன்னும் நல்லது, கவின் திறந்து காட்டுவான்.

கவின்: ரா பைலைத் திறக்க என் லேப்டாப்புக்கு மூச்சு வாங்கும். சரி, அனுப்பு அக்கா.

நிலா: பஸ் பிடித்து ஸ்டோர்னோவே போய் வைஃபை கிடைத்ததும் அனுப்புகிறேன். நாளை ஞாயிறு, இந்தத் தீவில் பஸ் ஓடாது, பெரும்பாலான கடைகளும் மூடியிருக்கும், அதனால் இன்றைக்கே பிஸ்கட் வாங்கி வைக்க வேண்டும்.

அம்மா: பிஸ்கட்டா? சோறு?