கோப்பாய் வீட்டுக் குழு: 2025 ஏப்ரல்

குகன் மாமா: எல்லாருக்கும் வணக்கம். வாற வெள்ளி பின்னேரம் எம்பியின்ர சேர்ஜரி. நேரம் கிடைச்சிட்டுது. ஹரோவில இருக்கிறவை இண்டைக்கே பெயரும் போஸ்ற்கோட்டும் அனுப்புங்கோ.

சசி சின்னம்மா (ஸ்கார்பரோ): ஐயோ ஆருக்கு சேர்ஜரி? எனக்கொருத்தரும் சொல்லேல்லை

தர்சன்: 😂 சின்னம்மா, எம்பி சனத்தைச் சந்திக்கிறதுக்கும் இஞ்ச அந்தப் பேர்தான்

சசி சின்னம்மா: நெஞ்சு திக்கெண்டு போச்சு

குகன் மாமா: விளக்கமாச் சொல்லுறன், முழுக்க வாசியுங்கோ. மார்ச் 24 பிரித்தானியா நாலு பேருக்குத் தடை போட்டது. முந்தின படைத் தளபதியள் சவேந்திர சில்வா, கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய, மற்றது புலியை விட்டு அரசாங்கப் பக்கம் போன கருணா. இனி இஞ்ச வரேலாது, சொத்து இருந்தா முடக்கம். நல்லது. ஆனா படையை நடத்தினவைக்குத் தடை, நடத்தச் சொன்னவருக்கு இல்லை. மகிந்தவும் இல்லை, கோத்தாவும் இல்லை. கனடா 2023 ஜனவரியிலயே ரெண்டு பேரையும் போட்டிட்டுது. இதில விசேசம் என்னெண்டா, தடை வந்த கையோட மகிந்தவே அறிக்கை விட்டவர், சனாதிபதியா முடிவெடுத்தது தான், படை அதைச் செய்தது எண்டு. ஆமியைக் காப்பாத்த விட்ட அறிக்கை. எங்களுக்கு அதுதான் சாட்சி. மகிந்தவுக்கும் தடை கேட்டு எம்பியிட்டக் குடுக்கப்போற கடிதத்தின்ர முதல் பந்தியே அது. ரெண்டாவது பந்தி, ஐநா நிபுணர் குழு 2011இல எழுதினது: 40,000 பொதுமக்கள் வரைக்கும், ஆஸ்பத்திரிக்குச் செல்லடிச்சது, அரசாங்கமே அறிவிச்ச பாதுகாப்பு வலயத்துக்கை அடிச்சது.

செல்வம் சித்தப்பா: 👍

நந்தினி: மாமா கடிதம் சரி. அபியின்ர சாமத்தியவீட்டுக்கு ஹோல் எடுத்தாச்சு, மே 18. கேற்றரிங்காரன் எத்தினை பேர் எண்டு கேக்கிறான்

குகன் மாமா: எந்தத் திகதி??

நந்தினி: மே 18 ஞாயிறு

தர்சன்: அக்கா...

நந்தினி: தெரியும் தெரியும். ஆகஸ்ற் மட்டும் வேற ஞாயிறு இல்லையாம். 500 பவுண்ஸ் கட்டியாச்சு, திருப்பித் தரமாட்டினம்

குகன் மாமா: முள்ளிவாய்க்காலைப் பற்றி எம்பியிட்டக் கதைச்சுப்போட்டு, அந்த நினைவு நாளில நான் வாசலில நிண்டு பன்னீர் தெளிக்கிறதோ?

நந்தினி: 2009இல என்ர கலியாணத்தையும் இப்பிடித்தான் தள்ளி வைச்சனீங்கள்

செல்வம் சித்தப்பா: அந்தப் போராட்டத்துக்குப் போய் பாராளுமன்றத்துக்கு முன்னால எடுத்த பார்க்கிங் றிக்கற் இன்னும் கட்டேல்லையாம் 😄

குகன் மாமா: கட்டினது. நீர் ஒரு நாள் வந்து நிண்டனீரோ?

செல்வம் சித்தப்பா: கூப்பிட்டனீங்களோ? நான் "மற்ற ஆக்கள்" தானே

சசி சின்னம்மா: துவங்கிட்டினம். நாங்கள் இஞ்ச ரொறொன்ரோவில கார்டினர் ரோட்டையே மறிச்சனாங்கள், அன்னையர் தினத்தண்டு. என்ர பெயரையும் போடண்ணை

குகன் மாமா: நீ போடேலாது சசி. எம்பி தன்ர தொகுதி ஆக்களின்ர கடிதத்தைத்தான் எடுப்பார். பாராளுமன்றப் பெற்றிசனும் அப்பிடித்தான், பிரித்தானியப் பிரசையா இருக்கோணும், இல்லாட்டி இஞ்ச இருக்கோணும். 10,000 கையெழுத்துக்கு அரசாங்கம் பதில் எழுதும், ஒரு லட்சம் வந்தா விவாதத்துக்கு எடுக்கலாமோ எண்டு பாப்பினம்.

சசி சின்னம்மா: சரி சரி

தர்சன்: மாமா ஒண்டு கேக்கட்டே? மகிந்தவை 2010இல ஒக்ஸ்பேர்ட்டில பேச விடேல்லை, 2012இல லண்டன் மான்சன் ஹவுஸிலயும் விடேல்லை. இப்ப ஆள் பதவியிலயும் இல்லை. தடை போட்டு என்ன வரப்போகுது?

குகன் மாமா: அப்ப நிப்பாட்டினது அரசாங்கம் இல்லையடா மோனை. கூட்டம் வைச்சவை. ஒக்ஸ்பேர்ட்டில பாதுகாப்பெண்டு சாட்டுச் சொன்னவை. மான்சன் ஹவுஸ் நிண்ட அண்டு மத்தியானம் ஆள் ராணியோட விருந்தில. வரவிட்டது அரசாங்கம். ஏன் வரக்கூடாது எண்டு அரசாங்கம் தன்ர வாயால சொல்லோணும். அதுக்குத்தான் போறன்.

பெரியம்மா (கிளிநொச்சி): 🎤 0:52

சசி சின்னம்மா: வேலையில நிக்கிறன், ஆராவது எழுதுங்கோ

தர்சன்: தன்ர பெயர் போடவேண்டாமாம். போன மாசமும் ரெண்டு பேர் மோட்டச்சைக்கிளில வந்து விசாரிச்சவையாம். ரூபனின்ர பெயரைப் போடட்டாம். வட்டுவாகலில தன்ர கையால ஆமியிட்ட ஒப்படைச்சது எண்டு எழுதட்டாம். பிறந்த திகதி கேட்டு எழுதட்டாம், முந்தி ஒரு பாரத்தில வருசத்தைப் பிழையா எழுதிப்போட்டினமாம்

குகன் மாமா: எழுதுறன் அக்கா. திகதி சொல்லுங்கோ

செல்வம் சித்தப்பா: என்ர பெயரையும் போடும். போஸ்ற்கோட் தனிய அனுப்புறன்

நந்தினி: ஹோல்காரனிட்டக் கேட்டன். 17 சனி இரவு இருக்காம், 300 கூட

சசி சின்னம்மா: அப்ப நான் பிளேன் றிக்கற் மாத்தோணுமே?

செல்வம் சித்தப்பா: பொறு. இன்னும் முடிவில்லை

பெரியம்மா (கிளிநொச்சி): 1991 ஆவணி 3. சாமத்தியவீட்டை ஏன் தள்ளுறியள் செய்யுங்கோ பிள்ளை

நந்தினி: பெரியம்மா 🙏🏽

குகன் மாமா: முதல் வெள்ளி முடியட்டும்

நந்தினி: கேற்றரிங்காரனுக்கு வியாழனுக்கு முன்னம் சொல்லோணும் மாமா