எஸ்.எஸ்.பி.க்குப் பின்: மருத்துவப் பரிசோதனையும் தகுதிப் பட்டியலும்

கேள்வி:
வணக்கம். தேசியப் பாதுகாப்பு அகாடமிக்காக எஸ்.எஸ்.பி. (முப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நடத்திய நேர்காணலில் என் மகன் பரிந்துரைக்கப்பட்டுவிட்டான். ஆனால் மருத்துவப் பரிசோதனையில் எடை கூடுதல், காதில் அழுக்கு அடைப்பு என்று கூறித் தற்காலிகத் தகுதியின்மை என எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இனி என்ன செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
கலங்க வேண்டாம் ஐயா. இதற்கு மேல்முறையீட்டு மருத்துவக் குழு உண்டு. அவர்கள் எழுதிக் கொடுத்த ராணுவ மருத்துவமனைக்கு 42 நாட்களுக்குள் மறுபரிசோதனைக்குச் சென்றாக வேண்டும். காதை மருத்துவரிடமே சுத்தம் செய்துகொள்ளுங்கள். என் தம்பி பஞ்சுக்குச்சியால் குடைந்ததில் அழுக்கு இன்னும் உள்ளே போய், செவிப்பறையே தெரியாத அளவுக்கு அடைத்துக்கொண்டது. எடைக்காகப் பட்டினி கிடக்கவும் விடாதீர்கள்; தினமும் ஓடினாலே நல்ல மாற்றம் தெரியும்.

மறுமொழி 2:
மருத்துவத் தகுதி கிடைத்தாலும் சேர்க்கை உறுதியாகிவிடாது என்பதை உங்கள் மகனிடம் இப்போதே பக்குவமாகச் சொல்லி வையுங்கள். எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்களையும் எஸ்.எஸ்.பி.யின் 900 மதிப்பெண்களையும் சேர்த்து யு.பி.எஸ்.சி. வெளியிடும் தகுதிப் பட்டியலில், காலியிடங்களின் எண்ணிக்கைக்குள் பெயர் வந்தால்தான் அழைப்பு வரும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நாளைக் காலையே காது மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன்.